பிஎஸ்சி இரண்டாம் ஆண்டு: கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் சேர வழி உண்டா?

ஆத்தங்குடிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎஸ்சி வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். எம்எஸ்சி முடித்து பிஎச்டி வரைக்கும் போக வேண்டும் என்று ஆசை. வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் பிஎச்டி முடித்தவர்கள் என்று எனக்குத் தெரிந்தது எங்கள் ஆசிரியர்கள் மட்டும்தான்.

போன வாரம் எங்கள் மிஸ், கோடையில் இரண்டு மாதம் பெரிய ஆய்வகங்களில் போய் ஆராய்ச்சி செய்யும் திட்டங்கள் இருக்கின்றன, மேற்படிப்புக்கு அது ரொம்ப உதவும் என்று சொன்னார். அதற்குள் மணி அடித்துவிட்டது. இதற்கெல்லாம் எங்களைப் போன்ற சின்னக் கல்லூரியிலிருந்து எடுப்பார்களா? எங்கள் ஆய்வகத்தில் டைட்ரேஷனும் சால்ட் அனாலிசிஸும்தான் செய்கிறோம், பெரிய கருவி எதையும் தொட்டதில்லை. தினமும் பஸ்ஸில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வழியாகத்தான் போகிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

இன்னொன்று, சீனியர் ஒருவர் மதுரையில் ஒரு இடத்தில் 6,000 ரூபாய் கட்டினால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் சான்றிதழும் கொடுத்துவிடுவார்கள், அதைக் காட்டினாலே போதும் என்கிறார். அப்பாவிடம் பேசியபோது, இரண்டு மாதம் வெளியூரில் இருந்தால் அவர்கள் கொடுப்பார்களா நாம் கொடுக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார். பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோட்டையூர் டு பெங்களூரு:

தங்கச்சி, நானும் அதே பக்கத்துக் கல்லூரியில் பிஎஸ்சி வேதியியல் படித்தவள்தான். இப்போது பெங்களூருவில் பிஎச்டி நான்காம் ஆண்டு. எடுப்பார்களா என்று கேட்டாய், எடுப்பார்கள். என்னை எடுத்தார்கள்.

முதலில் நீ பார்க்க வேண்டியது மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைத் திட்டம். பெங்களூருவில் இருக்கும் இந்திய அறிவியல் அகாதெமி, டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் அகாதெமி, அலகாபாத்தில் இருக்கும் தேசிய அறிவியல் அகாதெமி, இந்த மூன்றும்தான். இரண்டு மாதம் நாட்டில் ஏதாவது ஒரு ஆய்வகத்தில், ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை செய்ய வேண்டும். உதவித்தொகை உண்டு, போய்வர ரயில் செலவும் கொடுப்பார்கள், இதை இன்றைக்கே அப்பாவிடம் சொல். விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் கடைசியோடு முடிந்துவிடும். நிறைய பேர் மார்ச் மாதம் பரீட்சை நெருங்கும்போதுதான் கோடையைப் பற்றியே யோசிக்கிறார்கள், அதற்குள் எல்லாக் கதவும் மூடியிருக்கும். மதிப்பெண் பார்ப்பார்கள், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை வேண்டும், ஏன் வர விரும்புகிறாய் என்று சின்னதாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். கட்டுரையில் "சிறு வயதிலிருந்தே அறிவியல் மீது ஆர்வம்" என்று ஆரம்பிக்காதே, எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். உன்னைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி ஒன்றை எழுது.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் போவதற்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்தது மின்வேதியியல் வேலை. முதல் நாள் ஒரு கிளாசி கார்பன் மின்முனையைக் கையில் கொடுத்து, பொட்டாசியம் பெரிசயனைடு கரைசலில் வோல்ட்டமோகிராம் எடுத்துக் காட்டு என்றார்கள், அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைகோடு. போகிற உச்சிக்கும் வருகிற உச்சிக்கும் நடுவில் கிட்டத்தட்ட 59 மில்லிவோல்ட் இருக்க வேண்டும், ஒரு எலக்ட்ரான் மீளும் வினைக்கு அதுதான் கணக்கு. எனக்கு 140 வந்தது. மறுபடி எடுத்தேன், 130. அலுமினாத் தூளைத் தண்ணீரில் குழைத்து, எட்டு போடுவது போல மின்முனையைத் தேய்த்துத் தேய்த்து, கழுவி, திரும்ப எடுத்து, பத்து நாள் இதே வேலை. ஒரு நாள் ராத்திரி விடுதியில் உட்கார்ந்து அழுதேன், நமக்கு இது வராது, ஊருக்கே போய்விடலாம் என்று. பன்னிரண்டாவது நாள் 68 வந்தது. அந்த வளைகோட்டை அச்செடுத்து இன்னும் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பிற்பாடு ஒருங்கிணைந்த பிஎச்டி (எம்எஸ்சியும் பிஎச்டியும் சேர்ந்த படிப்பு) நேர்காணலில் என்னிடம் கேட்டது பாடப்புத்தகக் கேள்வி இல்லை. கோடையில் என்ன செய்தாய் என்று கேட்டார்கள், 59 ஏன், உனக்கு ஏன் 140 வந்தது, மின்முனை அழுக்கா, கரைசலின் மின்தடையா, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று தோண்டிக்கொண்டே போனார்கள். இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசினேன். தப்பாக வந்ததைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். 6,000 ரூபாய் கொடுத்து ரிப்போர்ட் வாங்கியவரிடம் இரண்டாவது கேள்வி கேட்டால் என்ன சொல்வார்? அந்தப் பக்கமே போகாதே.

அப்பாவுக்கு இன்னொரு விவரம். பிஎச்டி என்றால் நாம் பணம் கட்டிப் படிப்பது என்று எங்கள் வீட்டிலும் நினைத்தார்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை, அதற்கு மேல் வீட்டு வாடகைப் படி. எம்எஸ்சிக்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிக்குப் போகலாம், அதே தேர்வை வைத்துத்தான் நான் ஒருங்கிணைந்த பிஎச்டிக்கும் வந்தேன்.


சிக்ரி ஓய்வு:

அம்மா, பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போகிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது என்று எழுதியிருந்ததைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் அங்கே ஆய்வக உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானி இல்லை, ஆனால் கோடையில் வரும் பிள்ளைகளுக்குக் கருவியைத் தொடக் கற்றுக்கொடுத்ததில் பாதி என் கைதான்.

அந்த இடம் உங்களுக்காக வந்த இடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, இந்த ஊருக்குத்தான் வர வேண்டும் என்று நின்றதால் வந்தது. 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். டெல்லிக்கும் பம்பாய்க்கும் போக வேண்டிய ஒரு தேசிய ஆய்வகம் இந்த வறண்ட பூமியில் நிற்கிறது. பேட்டரி, இரும்பு துருப்பிடிப்பது, முலாம் பூசுவது, கடல் தண்ணீரில் உலோகம் அரிப்பது, இதெல்லாம்தான் அங்கே நடக்கும் வேலை. ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் என்ற ஊரில் கடலோரமாக ஒரு கிளையே இருக்கிறது, இரும்புத் துண்டுகளைக் கடல் காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் வைத்து எவ்வளவு தின்றுபோகிறது என்று எடை போட்டுப் பார்ப்பார்கள். பிடெக் படிப்பும் உள்ளேயே நடக்கிறது. வெளிக் கல்லூரிப் பிள்ளைகளும் துறைத்தலைவர் கடிதத்தோடு ப்ராஜெக்ட் செய்ய வருவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு, எவ்வளவு என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகலாம், தங்கும் செலவு இல்லை. அகாதெமித் திட்டம் கிடைத்தால் அங்கே போங்கள், கிடைக்கவில்லை என்றால் கோடையை வீணாக்காமல் இதைப் பாருங்கள்.

விஞ்ஞானிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு ஒன்றாக அனுப்பி, "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்" என்று ஆரம்பித்தால் யாரும் திறக்கக்கூட மாட்டார்கள். அம்மையாருக்கு "ஐயா" என்று போட்டு வந்த கடிதங்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் எழுதிய கட்டுரை ஒன்றைப் படியுங்கள், முழுதும் புரியாது, பரவாயில்லை, புரிந்த ஒரு இடத்தையும் புரியாத ஒரு இடத்தையும் குறித்துக்கொண்டு எழுதுங்கள். பத்து வரிக்கு மேல் வேண்டாம். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள்.

அப்புறம், உங்கள் அப்பா பார்க்கும் வேலையைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல், சூளையே இல்லாமல் அந்த வழவழப்பு வருகிறது. சில கல்லில் வெள்ளையாக உப்பு பூக்குமே, அது ஏன் சிலதில் மட்டும் பூக்கிறது என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை எழுதிவையுங்கள்.


அழகப்பா மெக்கானிக்கல் பேட்ச்:

காரைக்குடியில் பொறியியல் முடித்து இப்போது அமெரிக்காவில் பிஎச்டி செய்கிறேன். பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் என் பங்குக்குச் சிலது.

ஆர்இயூ என்று இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் வரும், இந்த மாதிரிக் குழுக்களில் மாதம் ஒருவராவது அதற்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். அது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் பணம் கொடுத்து நடத்தும் கோடைத் திட்டம், அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும்தான், நமக்கு இல்லை. நேரத்தை அதில் செலவழிக்காதீர்கள். நம் மாணவர்களை எடுத்துவந்த வெளிநாட்டுக் கோடைத் திட்டங்கள் ஜெர்மனியின் டாட் வைஸ், கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் போன்றவை, இந்த ஆண்டும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டில் ஐஐடி மெட்ராஸ் கோடை உதவித்தொகை, பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தின் கோடைத் திட்டம், மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) திட்டம் எல்லாம் உண்டு, ஒவ்வொன்றிலும் எந்த ஆண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம் என்பது வேறுபடும், அதை முதலில் பாருங்கள்.

இருந்தாலும் இங்கே அதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்ததில் நான் கற்றுக்கொண்டது நிறைய. இரண்டு கோடையாக எங்கள் ஆய்வகத்துக்கு வரும் இளநிலை மாணவர்களுக்கு நான்தான் வழிகாட்டி. பத்து வாரம். முதல் வாரமே அவர்களிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து, இது உன்னுடையது என்று சொல்லிவிடுவோம். பெரிய வேலையில் ஒரு மூலைதான், ஆனால் அந்த மூலைக்கு அவர்தான் பொறுப்பு. வாராவாரம் குழுக் கூட்டத்தில் அவரும் எழுந்து சொல்ல வேண்டும், கடைசியில் சுவரொட்டி போட்டுப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். மாசசூசெட்ஸ் எம்ஐடியில் 1969இல் மார்கரெட் மக்விகார் தொடங்கிய யூரோப் (இளநிலை மாணவர் ஆய்வு வாய்ப்பு) திட்டத்திலிருந்தே, மாணவரைப் பாத்திரம் கழுவவிடாமல் ஆய்வில் கூட்டாளியாக நடத்த வேண்டும் என்ற எண்ணம் இங்கே வேரூன்றியிருக்கிறது. நான் ஊரில் நான்காம் ஆண்டு ப்ராஜெக்ட் செய்தபோது நாலு பேர் குழுவில் ஒருவன் செய்தான், மூன்று பேர் பைண்டிங் போட்டோம், அந்த மூன்றில் நானும் ஒருவன். இங்கே வந்து முதல் வருடம் நான் பட்ட பாடு அதனால்தான்.

தங்கச்சி, நீ குடும்பத்தில் முதல் ஆள் என்று எழுதியதால் இதையும் சொல்கிறேன். ரொனால்ட் மக்நேர் என்று ஒருவர். தென் கரோலினாவில் ஒரு சின்ன ஊரில் பிறந்த கறுப்பின மாணவர், எம்ஐடியில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி விண்வெளி வீரரானார், 1986 ஜனவரியில் சேலஞ்சர் விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் இங்கே ஒரு அரசுத் திட்டம் நடக்கிறது, வீட்டில் யாரும் பட்டம் வாங்காத, வசதி குறைந்த மாணவர்களைக் கூப்பிட்டு, ஆய்வு செய்யவைத்து, பிஎச்டிக்கு விண்ணப்பம் எழுதுவதுவரை பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று இல்லை. வீட்டில் படித்தவர் இருக்கும் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் காதில் விழும் விஷயம் நமக்கு விழாது, அதனால்தான் இந்த மாதிரி இடத்தில் கேட்கிறோம். நீ கேட்டது நல்லது.

வெளிநாட்டு விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு அப்புறம் எடை அதிகம் பரிந்துரைக் கடிதத்துக்குத்தான். "ஒழுக்கமானவர், வகுப்பில் முதல் மாணவி" என்று எழுதும் கடிதத்தில் ஒன்றும் இல்லை. "கருவி பழுதானபோது இவரே காரணத்தைக் கண்டுபிடித்தார்" என்று ஒருவர் எழுத வேண்டுமானால், அவர் உன்னோடு எட்டு வாரமாவது வேலை செய்திருக்க வேண்டும். மூன்று வருட பிஎஸ்சியை மட்டும் வைத்து அமெரிக்காவில் நேராக பிஎச்டி சேருவது பல பல்கலைக்கழகங்களில் சிரமம், பதினாறு வருடப் படிப்பு கேட்பார்கள், அதனால் எம்எஸ்சி முடித்துவிட்டு யோசி. பொறியியல் பிள்ளைகள் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம்.


பள்ளத்தூர் ஆச்சி:

நான் படிப்பைப் பற்றிச் சொல்ல வரவில்லை. என் மகள் இரண்டு வருஷம் முன்பு இந்த மாதிரிதான் கோடையில் ஹைதராபாத் போனாள். வீட்டில் அவளுடைய ஐயா ஒத்துக்கொள்ளவே இல்லை, பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அவ்வளவு தூரமா என்று. நான் செய்தது ஒன்றுதான், தேர்வுக் கடிதம் வந்ததும் அதில் இருந்த அலுவலக எண்ணுக்கு நானே பேசி விடுதி எங்கே, பெண்களுக்குத் தனியாகவா, ராத்திரி ஆய்வகத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்கள். முதல் தடவை நானே கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன். உன் அப்பா சம்பளம் வருமா என்று கேட்டதாக எழுதியிருக்கிறாய், அவர் மனதில் வேறு கேள்வியும் இருக்கும், வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டார். நீயே விவரத்தை வாங்கி அவர் கையில் கொடு கண்ணு.


ஆத்தங்குடிக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆச்சி, நீங்கள் சொன்னது சரிதான். விடுதி பற்றிச் சொன்னதும்தான் அப்பா முகம் தெளிந்தது. 37,000 என்றதும் அம்மா நம்பவே இல்லை, பெங்களூரு அக்கா எழுதியதைக் காட்டினேன்.

ஐயா, அப்பாவிடம் உப்பு பூப்பதைப் பற்றிக் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார்! என்னிடம் அவர் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து கல் மெதுவாகக் காயும்போதுதான் அதிகம் பூக்குமாம். போர் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒரு மாதிரி, ஊருணித் தண்ணீர் என்றால் வேறு மாதிரி என்கிறார். சில பூப்பு ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும், சிலது என்ன தேய்த்தாலும் போகாதாம். இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறேன்.


சிக்ரி ஓய்வு:

என்ன இருக்கிறதா? கடைசியாக எழுதினீர்களே, துடைத்தால் போவது ஒன்று, போகாதது ஒன்று என்று, அங்கேதான் இருக்கிறது. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகும். கல் மெதுவாகக் காய்ந்தால் அது தண்ணீரோடு மேலே ஏறிவந்து, காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக உட்கார்ந்துவிடும், அது தண்ணீரில் கரையாது. துடைத்தால் போவது பெரும்பாலும் தண்ணீரிலிருந்தோ மணலிலிருந்தோ வந்த சல்ஃபேட், குளோரைடு உப்பு. இது பொதுவான விளக்கம், உங்கள் பட்டறைக் கல்லுக்கு இதுதானா என்று பார்க்க வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி வேண்டாம். சால்ட் அனாலிசிஸ் தெரியும் என்றீர்களே, அது போதும் ஆரம்பிக்க. பூத்த உப்பைச் சுரண்டி எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு, நுரைத்தால் கார்பனேட். வேறொரு துளியைத் தண்ணீரில் கரைத்து, பேரியம் குளோரைடுக்கு வெள்ளை வீழ்படிவு வந்தால் சல்ஃபேட், சில்வர் நைட்ரேட்டுக்கு வந்தால் குளோரைடு. இரண்டுக்கும் முன்னால் அமிலமாக்க மறக்காதீர்கள், சல்ஃபேட்டுக்கு ஹைட்ரோகுளோரிக், குளோரைடுக்கு நைட்ரிக். இல்லையென்றால் கார்பனேட்டே வீழ்படிவாக வந்து ஏமாற்றிவிடும். ஒரே மணல், ஒரே சிமெண்ட், தண்ணீர் மட்டும் வேறு வேறு, அப்படிச் சில கற்களை அப்பாவைப் போடச் சொல்லுங்கள். சும்மா ஒன்றிரண்டு போடாதீர்கள், ஒவ்வொரு தண்ணீருக்கும் குறைந்தது நாலு. தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள், படம் எடுங்கள். அடித்துத் திருத்தினாலும் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். எந்தப் படிகம் என்று உறுதியாகக் கண்டுபிடிக்க எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு பார்க்க வேண்டிய கட்டம் வந்தால் அப்போது ஆய்வகத்துக்கு எழுத உங்களிடம் ஒரு காரணம் இருக்கும்.


கோட்டையூர் டு பெங்களூரு:

ஐயா சொன்னதை அப்படியே அகாதெமிக் கட்டுரையில் எழுது தங்கச்சி. அப்பா சொன்னது, நீ பிரித்துப் பார்த்தது, இன்னும் தெரியாதது. ஆர்வம் என்ற சொல்லே அதில் தேவைப்படாது. எழுதி முடித்ததும் இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன். பரிந்துரைக்கு மிஸ்ஸிடம் கடைசி நாளில் போய் நிற்காதே, இரண்டு வாரம் முன்னாலேயே கேள், கட்டுரையையும் கையில் கொடு.


ஆத்தங்குடிக்காரி:

மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன், ஒத்துக்கொண்டார். கல்லூரி ஆய்வகத்தில் சனிக்கிழமை மதியம் வேலை செய்யவும் அனுமதி வாங்கித் தந்திருக்கிறார், சில்வர் நைட்ரேட்டை மட்டும் அளந்து செலவழிக்கச் சொன்னார். அப்பா நேற்று பன்னிரண்டு கல் போட்டார். போர் தண்ணீருக்கு நாலு, ஊருணித் தண்ணீருக்கு நாலு, பிடித்துவைத்த மழைத் தண்ணீருக்கு நாலு. முதுகில் எண் போட வேண்டும் என்றேன், ஆணியால் அவரே கீறிவிட்டார். ஐயா, ஒரு சந்தேகம். கண்ணாடியிலிருந்து எடுத்ததும் கல்லை வெயிலில் வைப்பதா நிழலிலா? பட்டறையில் இரண்டும் செய்கிறார்கள். இரண்டையும் பார்க்க வேண்டும் என்றால் இருபத்து நாலு கல்லாகிவிடும், முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார் அப்பா.